ஹார்ன் அடிக்காத வண்டி

“பிரேக்கு நமக்கு, ஹார்னு அடுத்தவனுக்கு, கண்ணாடி…” கண்ணாடி யாருக்கு என்றும் மாமா சொல்வார். அது எனக்கு மறந்துவிட்டது. பின்னால் வருகிறவனுக்கு என்றா, தாண்டிப் போனவனுக்கு என்றா? ஏதோ ஒன்று. லைசென்ஸ் டெஸ்டுக்கு வருகிறவர்களை வரிசையில் நிற்க வைத்து முதலில் இதைத்தான் சொல்வாராம். இந்தப் பஸ் டிரைவர் ஹார்ன் அடித்த அடிக்கு நீங்கள் காதைப் பொத்திக்கொண்டீர்கள் பாருங்கள், அதில் ஞாபகம் வந்தது.

அதோ, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கழுத்தை நீட்டி ரோட்டைப் பார்த்தபடி வருகிறாரே, அவர்தான் என் மாமனார். சென்னியப்பன். வண்டிகளைச் சோதித்து எஃப்.சி. கொடுக்கிற அதிகாரியாக இருந்து ரிட்டையர் ஆனவர். பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால் தாராபுரம் பக்கத்து லாரிக்காரர்களுக்கு இன்னும் தெரியும். பக்கத்தில் இருப்பது அத்தை. நான் ஏன் பின்னால் வந்து உட்கார்ந்தேன் என்றால் முன்னால் இடமில்லை. இருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வீட்டில் கார் இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது. ஓடுகிற கார்தான். பேட்டரி நன்றாக இருக்கிறது, டயர் புதுசு. பல்லடம் வருவதற்குள் சொல்லிவிடலாம்.

நான் நியூசிலாந்தில் இருந்தேன். பால் பவுடர் செய்யும் ஆலையில் மின்சாரப் பராமரிப்பு. எங்கேயாவது ஒரு பம்ப் நின்றுபோனால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய், ஒயரை ஒரு முனையிலிருந்து பிடித்துக்கொண்டு மறுமுனை வரை போவேன். நடுவில் எங்கேயோ இருக்கும் பழுது. எங்கே போய்விடும்? அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வேலை. வேறு எதுவும் எனக்கு அவ்வளவாக வராது. போன வருஷம் ஆலையை மூடிவிட்டார்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன, நாம் மறுபடி பார்க்கப் போவதில்லை. என் மனைவி சுகந்திக்கு அங்கே வேலை இருக்கிறது, பெண்ணுக்குப் படிப்பு இருக்கிறது. எனக்குத்தான் காலையில் எழுந்து என்ன செய்வதென்று இல்லை. சமையலறையில் நின்றுகொண்டிருப்பேன். சுகந்தி வேலைக்குக் கிளம்பும்போது நிற்பேன், திரும்பி வரும்போதும் அங்கேயே நிற்பேன் என்று அவள் சொல்வாள். நான் அப்படி நினைக்கவில்லை. நடுவில் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் அவள்தான் சொன்னாள். “நீங்க ஊருக்குப் போய் அப்பாகூட இருங்க. அவருக்குக் கண்ணு சரியில்ல. வண்டி ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். யார் சொன்னாலும் கேக்கமாட்டார். நீங்க மாப்பிள்ளை, நீங்க சொன்னா கேப்பார்.” சரி என்றேன். வேலை போனதை அங்கே சொல்ல வேண்டாம், லீவில் வந்ததாகச் சொல்லிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள். அதற்கும் சரி என்றேன். அப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். விமானத்தில் கொடுத்த சாப்பாடு என்னவென்று கேட்டால் எனக்குத் தெரியாது. சாப்பிட்டேன்.

மாமாவுக்குக் கண்ணில் அழுத்தம். நேராகப் பார்த்தால் ஊசியில் நூல் கோர்த்துவிடுவார். பக்கவாட்டில் என்ன வருகிறது என்று தெரியாது. குழாய்க்குள் இருந்து பார்க்கிற மாதிரி என்று டாக்டர் சொன்னாராம். போன மாசியில் பால்காரர் ஒருவரை மொபெட்டோடு தட்டிவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு, கேன் நசுங்கியது, அவ்வளவுதான். ஆனால் அத்தை அதிலிருந்து தூங்கவில்லை என்று சுகந்தி சொன்னாள்.

இதை நான் போய்ச் சொல்ல வேண்டும். ஆயிரம் லாரிகளை ஓரம் கட்டியவரிடம் போய், மாமா நீங்கள் இனி வண்டி ஓட்டக்கூடாது என்று. நீங்களே சொல்லுங்கள். அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு.

நான் போய் இறங்கிய மறுநாள் காலையில் மாமாவே பேச்சை எடுத்தார்.

“ஹார்னு அடிக்க மாட்டேங்குதுங் மாப்ள.”

“எப்ப இருந்துங் மாமா?”

“ஆச்சு கொஞ்ச நாளு. ஹார்ன் இல்லாம வண்டி கேட்டைத் தாண்டக்கூடாது. அதனால எடுக்கறதில்ல.”

அவர் அப்படித்தான். வண்டியில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் முதல் வேலை ஹார்னை ஒரு தடவை அழுத்துவார். அப்புறம்தான் சாவியைத் திருப்புவார். சுகந்தியின் கல்யாணத்தன்று, மண்டபத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், உள்ளே பொண்ணு உட்கார்ந்திருக்க, ஹார்ன் சத்தம் கம்மியாக இருக்கிறதென்று இறங்கி பானெட்டைத் திறந்தாராம். அத்தை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? நிம்மதி என்று சொல்லலாம். நான் சொல்ல வேண்டியதை ஒரு ஹார்ன் சொல்லிவிட்டது. அது கிடக்கட்டும், நான் வாயைத் திறக்க வேண்டாம் என்று நினைத்தேன். அத்தையும் காப்பி டம்ளரை வைத்துவிட்டு, “அது பாட்டுக்குக் கெடக்கட்டுமுங் மாப்ள” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் மாமா விடவில்லை.

“வாங்க மாப்ள, ஒரு கை பாத்துருவோம். நீங்க கரண்டு என்ஜினியரு.”

ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு போகலாமே என்றேன். ஹார்ன் இல்லாத வண்டியை ரோட்டில் எப்படி எடுப்பது என்றார். மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடலாமே என்றேன். மாப்பிள்ளை என்ஜினியர் வீட்டில் இருக்கும்போது மெக்கானிக்கைக் கூப்பிட்டால் ஊர் என்ன சொல்லும் என்றார். நான் ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். “உங்க இந்தியா லைசென்ஸு முடிஞ்சு போச்சுங்களே” என்றார். அதை எப்படித் தெரிந்து வைத்திருந்தார் என்று தெரியவில்லை. சுகந்தி சொல்லியிருப்பாள்.

அப்புறம் தினமும் இதுதான் வேலை. காலையில் காப்பி குடித்துவிட்டு ஷெட்டுக்குப் போவோம். மாமா முக்காலியைக் கொண்டு வந்து பானெட்டுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் குனிவேன்.

நீங்கள் வண்டி வைத்திருக்கிறீர்களா? ஹார்ன் பெரிய கம்ப சூத்திரமெல்லாம் இல்லை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து ஹார்ன், ஹார்னிலிருந்து எர்த், அதாவது வண்டியின் உடம்புக்கு ஒரு ஒயர். ஸ்டியரிங்கில் அழுத்தினால் ரிலேயைத் தட்டிவிடும், அவ்வளவுதான். முறையாகப் பார்த்தால் ஒரு காப்பி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடலாம். நான் முதல் நாள் ஃபியூஸைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அடுத்தது பார்க்கலாம் என்று நிமிர்ந்தால், “இன்னைக்கு இது போதுமுங் மாப்ள, வெயில் ஏறிருச்சு” என்றார்.

மறுநாள் அவரை உள்ளே உட்கார்ந்து அழுத்தச் சொன்னேன். ரிலே டிக், டிக் என்று தட்டியது. அப்படியென்றால் ஸ்டியரிங் பக்கம் பழுதில்லை. இது சின்னப் பையனுக்கும் தெரியும். ஆனால் மாமா, “ஸ்டியரிங்லதான் இருக்குமுங் மாப்ள. எனக்கு அனுபவம்” என்றார். ரிலே தட்டுகிறதே மாமா என்றேன். “தட்டும். ஆனா ஸ்டியரிங்தான்.” பெரியவர் சொல்கிறார். நான் ஸ்டியரிங்கைப் பிரித்தேன். அதற்கு இரண்டு மூன்று காலைகள் போயின. உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது. அப்புறம் ரிலேயை மாற்றிப் பார்க்கச் சொன்னார். அப்புறம் பழையபடி ஃபியூஸ் பெட்டி. முன்பக்கம் கிரில்லுக்குப் பின்னால் ஹார்னையே ஒரு தடவை பார்த்துவிடலாமா என்று கேட்கும்போதெல்லாம், “ஹார்னு புதுசுங் மாப்ள. நானே வாங்கிப் போட்டது. அதுல ஒண்ணும் இருக்காது” என்பார்.

எனக்கு மனதுக்குள் கஷ்டமாக இருந்தது. இவ்வளவு பெரிய பிரேக் இன்ஸ்பெக்டர், வயசானதும் எல்லாம் மறந்துவிட்டது என்று. நான் காட்டிக்கொள்ளவில்லை. அவர் சொன்னபடியே பிரித்தேன், மாட்டினேன்.

ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நானும் அவரும் சேர்ந்தாற்போல் பத்து வாக்கியம் பேசியதில்லை. போனில், சௌக்கியங்களா மாப்ள, சௌக்கியமுங் மாமா, இருங்க அத்தைகிட்டக் குடுக்கறேன், அவ்வளவுதான். ஷெட்டில் பேசினார். பிரேக் பிடிக்காத லாரிக்கு எஃப்.சி. கேட்டு வந்தவனை அதே லாரியில் ஏற்றி ஊதியூர் மலை இறக்கத்தில் இறங்கச் சொன்ன கதை. ஹார்னுக்குப் பதிலாக கிளீனரைக் கத்த வைத்துக்கொண்டு வந்த வேன் கதை. நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு அத்தை மோர் கொண்டு வருவார்.

ரோட்டில் போகிறவர்கள் கேட்பார்கள், “ஏனுங், வண்டி ஓடலீங்களா?” என்று.

“வண்டிக்கென்ன? ஹார்னுதான். மாப்ள பாத்துட்டு இருக்காரு. லீவுல வந்திருக்காரு.”

எல்லோரிடமும் இதையே சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார். லீவுல வந்திருக்காரு, லீவுல வந்திருக்காரு. எனக்குச் சில சமயம் எரிச்சலாகக்கூட வரும், இதை ஏன் இவ்வளவு சொல்கிறார் என்று.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது தங்கமுத்து வந்தான். மாமாவின் அண்ணன் மகன். மூலனூர் பக்கம் ஹாலோபிளாக் பட்டறை வைத்திருக்கிறான். புது வீடு கட்டிப் புண்ணியார்ச்சனை, கிரகப்பிரவேசத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள், அதற்கு அழைக்க வந்தான். நான் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு கிடந்தேன்.

“என்னுங் மச்சான், நியூசிலாந்துல ஃபேக்டரியே ஓட்டறீங்கன்னு சொன்னாங்க. ஒரு ஹார்னு பேச மாட்டேங்குதாமா?”

பாத்துட்டு இருக்கேன் தங்கமுத்து என்றேன்.

“நானும் போன வாரம் இந்த வழியா போனேன். அப்பவும் பாத்துட்டுத்தான் இருந்தீங்க. அங்கத்த மாடு ஹார்ன் அடிச்சா நவுராதோ என்னமோ, உங்களுக்குப் பழக்கமில்ல. ஆமா, லீவு எத்தன நாளைக்குங் மச்சான்?”

மாமா முக்காலியிலிருந்து எழுந்தார். “ஆறு மாசம் லீவு போட்டுட்டு வந்திருக்காரு. இன்னும் வேணும்னாலும் போட்டுக்குவாரு. அவரு இல்லாம அங்க ஒண்ணும் நின்னு போயிராது. நீ உள்ள போய்க் காப்பி குடி.”

நான் ஆறு மாசம் என்று யாரிடமும் சொல்லவில்லை. மாமா எதையோ தப்பாகக் கேட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். காதும் போய்க்கொண்டிருக்கிறது போல.

தங்கமுத்து போகும்போது கேட்டருகே நின்று சத்தமாகச் சொன்னான். “சித்தப்பா, மச்சானை நம்பிட்டு இருந்தீங்கன்னா பஸ்ஸுலதான் வருவீங்க. நம்ம பேட்டரிக் கடைப் பையனை அனுப்பட்டுங்களா, ஒரு நிமிஷ வேலை.” அடுத்த வீட்டு அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று பார்த்தார். மாமா, “வேண்டாம், வேண்டாம். மாப்ள செரி பண்ணிருவாரு. செரியானதும் கார்லயே வாறோம்” என்றார்.

அதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்று இப்போது யோசித்தால் சரியாகத் தெரியவில்லை. எனக்காக அவர் வாக்குக் கொடுத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அதுவும் போக, பேட்டரிக் கடைப் பையன். நான் சொன்னேனே, எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை.

மறுநாள் மத்தியானம் மாமா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். யாரும் பக்கத்தில் இல்லாததால் முறையாகப் பார்த்தேன். கிரில்லைக் கழற்றினேன். ரிலே இருக்கும் இடத்தில் ஒரு துண்டு ஒயரை இணைத்துப் பார்த்தேன், ஹார்னுக்கு வரும் ஒயரில் டெஸ்ட் லைட் எரிந்தது. கரண்டு வருகிறது. மிச்சம் எர்த்துதான். எர்த் ஒயரைத் தேடிப் பிடித்தேன்.

அது அறுந்திருக்கவில்லை. துருப்பிடிக்கவில்லை. போல்ட்டிலிருந்து யாரோ கழற்றி, போல்ட்டைத் திரும்ப முடுக்கி, ஒயரின் முனையில் கறுப்பு டேப் சுற்றி, சத்தம் வராமல் ஓரமாக மடித்து வைத்திருந்தார்கள். டேப்பின் கடைசி நுனியைக்கூட உள்பக்கமாக மடித்து விட்டிருந்தார்கள், பிரிக்கிறவனுக்கு நகம் மாட்டுவதற்காக. நல்ல கை. பழுதாக்குவதற்குச் செய்த மாதிரியே இல்லை. எடுத்து வைத்த மாதிரி இருந்தது. மாமாவின் மூக்குக்கண்ணாடிக் காம்பில் சுற்றியிருந்த டேப்பும் இப்படித்தான் மடித்திருக்கும். அந்தக் கண்ணாடியை நான் தினமும் பார்க்கிறவன். ஆனால் பழுது கிடைத்துவிட்ட நேரத்தில் வேறு எதுவும் கண்ணுக்குப் படாது. நீங்கள் இந்த வேலையில் இருந்திருந்தால் உங்களுக்குத் தெரியும். ஏதோ ஒர்க்ஷாப்பில் மறந்துவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். டேப்பைப் பிரித்தேன், ஒயரைப் போல்ட்டில் மாட்டி முடுக்கினேன். உள்ளே போய் அழுத்தினேன்.

அடித்தது. நன்றாக, முழுசாக அடித்தது. தெருநாய் ஒன்று எழுந்து ஓடியது. நான் இன்னொரு தடவை அழுத்தினேன். அப்புறம் இன்னொரு தடவை. எனக்கு ஏதோ வந்தது, பசி மாதிரி. பல மாதமாக வராத ஒன்று.

நிமிர்ந்து பார்த்தால் மாமா வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். பனியன், வேட்டி. தூக்கம் கலைந்த முகம் என்று நினைத்தேன்.

“கண்டுபிடிச்சுட்டீங்களா மாப்ள?”

“எர்த்துங் மாமா. யாரோ கழட்டி டேப் சுத்தி வெச்சிருக்காங்க.”

“யாரோ.”

“ஆமாங். ஆனா நல்ல கைங் மாமா. டேப் நுனியைக்கூட மடிச்சு விட்டிருக்கான்.”

அவர் வண்டியைப் பார்த்தார். “செரி” என்றார். “செரிங் மாப்ள. அப்பக் கார்லயே போகலாம்.” உள்ளே போய்விட்டார். ஒரு சபாஷ் இல்லை. எனக்குச் சபாஷ் வேண்டுமென்றில்லை. இருந்தாலும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அத்தை குழம்பு ஊற்றினார், அவ்வளவுதான். சுகந்தியிடம் போனில் ஹார்னைச் சரி பண்ணிவிட்டதாகச் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். “உங்களை எதுக்கு அனுப்பினேன்?” என்று கேட்டாள். வண்டியை எடுத்தாலும் ஹார்ன் இருந்தால் பாதுகாப்புதானே என்றேன். அவள் வைத்துவிட்டாள்.

புண்ணியார்ச்சனைக்கு வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினோம். மாமா பட்டுக்கரை வேட்டி, அத்தை பின்சீட்டில் சீர்த்தட்டோடு. நான் முன்னால் அவருக்குப் பக்கத்தில். அவர் கதவைச் சாத்தினார், ஹார்னை அழுத்தினார். சாவியைத் திருப்புவதற்கு முன்னால் இன்னொரு தடவை அழுத்தினார். அது வழக்கமில்லை.

ஊரைத் தாண்டும் வரைக்கும் அடித்துக்கொண்டேதான் வந்தார். ஆள் இருந்தாலும் அடித்தார், ஆள் இல்லாவிட்டாலும் அடித்தார். கண் போன பக்கத்துக்கெல்லாம் சேர்த்து அடிக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஹார்ன் எவ்வளவு சுத்தமாகக் கேட்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்தேன். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

மூலனூர் ரோட்டில் இடதுபக்கம் ஒரு மண்பாதை வந்து சேரும். அதிலிருந்து ஒரு அம்மா மாட்டுக்கான சோளத்தட்டுக் கட்டை வைத்துக்கொண்டு மொபெட்டில் ஏறி வந்தார். தட்டு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, பாதி ரோட்டுக்கு இருந்தது. நான் பார்த்தேன். மாமாவும் பார்த்திருப்பார் என்று இருந்தேன். அவர் நேராகப் பார்த்துக்கொண்டு, ஹார்னை அடித்துக்கொண்டு, வேகத்தைக் குறைக்காமல் போனார். மாமா என்று கத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்து வலதுபக்கம் இழுத்தேன். கண்ணாடியில் சோளத்தட்டு சரசரவென்று உரசியது. வண்டி குறுக்கே போய் நின்றது. அத்தையின் சீர்த்தட்டிலிருந்த பழமெல்லாம் என் காலடியில் உருண்டன.

அந்த அம்மா விழவில்லை. மொபெட்தான் விழுந்தது. எங்கள் பக்கம் திரும்பி, “கண்ணு என்ன பொட்டையா?” என்று கேட்டார். எங்கள் யாரையும் தெரியாத ஆள். சத்தம்கூடப் போடவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

மாமா இறங்கினார். பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டில் சிதறிக் கிடந்த சோளத்தட்டுகளைப் பொறுக்கினார். பக்கத்தில் கிடந்த தட்டு அவர் கைக்கு வரவில்லை. தலையை முழுசாகத் திருப்பி, தேடி, அப்புறம் எடுத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நானும் குனிந்து பொறுக்கியிருக்கலாம், தோன்றவில்லை. கட்டித் தூக்கி மொபெட்டில் வைத்துக் கொடுத்தார். “ஹார்னு அடிச்சனேம்மா” என்றார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

வண்டியைத் திருப்பினோம். இடதுபக்கம் ஆளுங் மாமா, இடதுபக்கம் பஸ்ஸுங் மாமா என்று நான் சொல்லச் சொல்ல, சைக்கிள்காரன் தாண்டிப்போகிற வேகத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஷெட்டில் விட்டுவிட்டுச் சாவியை வழக்கமாக மாட்டும் ஆணியில் மாட்டினார். அப்புறம் என்னைப் பார்த்து, “ஹார்னு செரியில்லீங் மாப்ள. சத்தம் பத்தல” என்றார்.

இதுதான் எனக்குத் தாங்கவில்லை. சத்தம் பத்தலையா? கூட்டுரோடு வரைக்கும் கேட்டிருக்கும். நான் சமையலறைக்குப் போய் அத்தையிடமே கேட்டேன். நீங்களும்தானே வண்டியில் இருந்தீர்கள், ஹார்ன் நன்றாகத்தானே அடித்தது என்று. அத்தை உருண்டு அடிபட்ட மாதுளையை எடுத்து வைத்து உரித்துக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் அடிச்சுதுங் மாப்ள.”

“அப்புறம் ஏனுங் அப்படிச் சொல்றாரு?”

“அவரேதானுங் கழட்டி வெச்சாரு.” உரிப்பதை நிறுத்தவில்லை. “டாக்டரு சொல்லிட்டு வந்த அன்னிக்குச் சாயங்காலம். நான் மாடிப்படில துணி எடுத்துட்டு இருந்தேன், பாத்தேன். நான் பாத்தது அவருக்குத் தெரியாது. கண்ணு தெரியலைன்னு அவரு வாயில எப்படிங் வரும்? ஹார்னு இல்லை, அதனால எடுக்கறதில்லைன்னு சொன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நிம்மதியா இருந்துது.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே அத்தை. தினமும் என்னைப் பாக்கச் சொன்னாரே.”

“நீங்க காலைல எந்திரிச்சு என்ன பண்றதுன்னு நின்னுட்டே இருந்தீங்க. அதுக்குச் சொல்லியிருப்பாரு.” அப்புறம் சொன்னார், “எல்லாத்தையுமா மாப்ள வாய் உட்டுக் கேட்டுக்கறாங்க? உங்களை நாங்க ஏதாச்சும் கேட்டமுங்களா?”

கேட்கவில்லைதான். வந்ததிலிருந்து அவர்கள் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. எப்போது திரும்பிப் போகிறேன் என்றுகூட. நல்ல மனுஷர்கள், விருந்தாளியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று இருக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்குச் சொல்லாமல் என்னிடம் வேலை வாங்கினார்களே என்பதுதான் அப்போது மனதில் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அவ்வளவு காலை. ஸ்டியரிங்கை எல்லாம் பிரிக்க வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தங்கமுத்து வந்தான், தாம்பூலப் பையும் பலகாரமுமாக. கூட அவன் மாமனார், இன்னும் இரண்டு பங்காளிகள். வராமல் போனதற்குக் காரணம் கேட்க வந்தார்கள், வேறென்ன. மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அத்தை கதவோரம் நின்றார்.

“ஏனுங் சித்தப்பா வரல? பந்தியில எல எடுத்து வெச்சுட்டுப் பாத்துட்டே இருந்தோம்.”

மாமா தாம்பூலப் பையை வாங்கிப் பக்கத்தில் வைத்தார்.

“ஹார்னு செரியாயிருச்சுன்னு சொன்னாங்களே. வெள்ளிக்கெழம காத்தால நீங்க அடிச்சுட்டே போனது ஊருக்கெல்லாம் கேட்டுச்சாமா. அப்புறம் என்ன? வழில ஏதாச்சும் ஆயிருச்சுங்களா?” அவன் பங்காளிகளைப் பார்த்தான். ஏதோ காதில் விழுந்திருக்கிறது, அதை இவர் வாயால் கேட்க வேண்டும். “கண்ணுல ஏதோ கோளாறுன்னு…”

மாமா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

“பாதி வழில மறுபடியும் ஹார்ன் நின்னு போச்சு தங்கமுத்து,” என்றேன் நான். “அதான் திருப்பிட்டோம்.”

“மறுபடியுமா? நீங்க செரி பண்ணிட்டதாச் சொன்னாங்க?”

“அப்படித்தான் நெனச்சேன். செரி பண்ணல.”

“எங்கதாங் மச்சான் பழுது?”

“தெரியல.”

அவன் சிரித்தான். பங்காளிகளும் சிரித்தார்கள். “இத்தன வருசம் அங்க என்னதாங் பண்ணிட்டு இருந்தீங்க? உங்களுக்குச் சம்பளம் வேற குடுத்தானா?”

“குடுத்தான்” என்றேன். “எனக்கு இந்தப் பழுது கண்டுபிடிக்கத் தெரியல.”

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “அத உடு தங்கமுத்து, பழைய வண்டி, ஒயரெல்லாம் போயிருச்சு. மாப்ள என்ன பண்ணுவாரு” என்றார். அத்தை காப்பி கொண்டு வரப் போனார்.

அவர்கள் போன பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய் எர்த் ஒயரைக் கழற்றினேன்.